ஜெயிக்கும் பெண் குதிரையை எப்போது நிறுத்துவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரேஸில் தொடர்ந்து ஜெயிக்கும் பெண் குதிரையை மேலும் ஓடவிடுவது பேராசை. நாலு வயதிலேயே பண்ணைக்கு அனுப்பிக் குட்டி எடுப்பதுதான் முறை என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. குதிரைமேல் உள்ள கரிசனத்தில் எழுதியது என்பது தெரிகிறது. ஆனால் சாம்பியன் தாய்க்குச் சாம்பியன்தான் பிறக்கும், பண்ணை ஆபத்தில்லாத இடம் என்ற இரண்டு எண்ணங்களை விசாரிக்காமலே அது ஏற்றுக்கொண்டுவிட்டது. பண்ணை நடத்துபவர்கள் இரண்டையுமே நம்புவதில்லை.

ஆஸ்திரேலியாவின் இரண்டு பெரிய பெயர்களையே எடுத்துக்கொள்வோம். பிளாக் கேவியர் ஓடியது 25, ஜெயித்தது 25. வின்க்ஸ் 43 ஓட்டத்தில் 37 வெற்றி. அதில் கடைசி 33 இடைவெளியே இல்லாமல் வந்தவை. காக்ஸ் பிளேட் என்ற பெரிய ரேஸை மட்டும் 2015 முதல் 2018 வரை நாலு முறை வென்றது. இவற்றின் தாய்கள் யார் என்று பாருங்கள். பிளாக் கேவியரின் தாய் ஹெல்சிங்கே ரேஸில் ஓடியதே இல்லை. வின்க்ஸின் தாய் வேகஸ் ஷோகர்ல் நியூசிலாந்தில் பிறந்து, 35 முறை ஓடி, 7 முறை ஜெயித்த சாதாரண உழைப்பாளி. ஒருத்தி ஓடவே இல்லை, இன்னொருத்தி ஓடி ஓடித் தேய்ந்தவள். தாய் எத்தனை ஓட்டம் ஓடினாள் என்பதை வைத்துக் குட்டியின் வேகத்தைக் கணக்கிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுபக்கமும் அப்படித்தான். அமெரிக்காவின் ஸென்யாட்டா 20 ஓட்டத்தில் 19 வென்றது, 2009 பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் ஆண் குதிரைகளை வீழ்த்தியது. அதன் முதல் குட்டி காஸ்மிக் ஒன் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. பிரான்ஸின் மியெஸ்க் நாலு வயதோடு நிறுத்தப்பட்டு, பெரிய ரேஸ்களை வென்ற கிங்மாம்போவை ஈன்றது. கட்டுரையாளர் காட்டக்கூடிய நல்ல உதாரணம் அதுதான். ஆனால் அர்பன் ஸீ ஐந்து வயது வரை 24 ரேஸ் ஓடிய பிறகுதான் கலிலியோவையும் ஸீ த ஸ்டார்ஸையும் கொடுத்தது. இரண்டுமே இங்கிலாந்தின் எப்சம் டெர்பி வென்றவை. வீஜா போர்டும் ஐந்து வயது வரை ஓடியது. ஆஸ்திரேலியா என்று பெயரிட்ட அதன் மகன் 2014-ல் அதே டெர்பியை வென்றது. ஜப்பானின் ஜென்டில்டோன்னா 2014 டிசம்பரில், ஐந்து வயதில், அரிமா கினென் ரேஸை ஜெயித்துவிட்டுப் பண்ணைக்குப் போனது. அதன் மகள் ஜெரால்டினா 2022-ல் அங்கே எலிசபெத் மகாராணி கோப்பையை வென்றது.

காரணம் எளிது. குட்டிக்குத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. சாம்பியன் என்பது மரபணுக்கள் அபூர்வமாக ஒன்றுகூடி அமைந்த சேர்க்கை; அடுத்த தலைமுறையில் அது கலைந்து போகும். புகழ்பெற்ற பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் குதிரைகளோடு சேர்கிறது. அத்தனை குட்டிகளில் ஒன்றிரண்டு நன்றாக அமைந்தாலே அதன் பெயர் நிற்கும். பெண் குதிரைக்கோ ஆண்டுக்கு ஒரு குட்டி, ஆயுளில் எல்லாம் கூடிவந்தால் பத்து, பன்னிரண்டு. மூன்று வயது ஆண் குதிரையை அவசரமாகப் பண்ணைக்கு அழைத்துப் போவதற்குப் பணக் கணக்கு இருக்கிறது. அதே அவசரத்தைப் பெண் குதிரைக்கும் பொருத்துவதுதான் தவறு.

‘ஒவ்வொரு வருடம் ஓடும்போதும் ஒரு குட்டி போகிறது’ என்ற வாதம் கணக்கில் சரிதான். சினைக்காலம் சுமார் 340 நாள். ஈன்று ஏழு முதல் பத்து நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். ஒரு மாதத்துக்குள் சினை பிடித்தால்தான் அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் குட்டி கிடைக்கும். ஆகவே இரண்டு வருடம் கூடுதலாக ஓடினால் இரண்டு குட்டி குறையும், உண்மை. ஆனால் பெண் குதிரையின் கருத்தரிப்புத் திறன் கண்ணில் படும்படி சரிவது பதினைந்து வயதை ஒட்டித்தான். ஏழு வயதில் முதல் முறையாகப் பண்ணைக்கு வருவது தாமதமே இல்லை. குட்டியே ஈனாமல் பன்னிரண்டு, பதினாலு வயதைத் தாண்டியதுதான் சிரமம் தரும்: கருப்பை வாய் சரியாக இளகாது, இணை சேர்ந்த பிறகு உள்ளே நீர் தேங்கி அழற்சியாகும். அப்போது நாலு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஆக்ஸிடோசின் ஊசி, உப்புநீர் விட்டுக் கழுவுதல் என்று மருத்துவர் கூடவே நிற்க வேண்டிவரும். ஏழு வயதுக் குதிரைக்கு இது பொதுவாக நேர்வதில்லை.

பணத்தையும் பார்த்துவிடலாம். வின்க்ஸ் ஏழு வயது வரை ஓடிப் பரிசாகவே 2.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஈட்டியது. 2019 ஏப்ரலில் ஓய்வு பெற்ற அதற்கு 2020-ல் பிறந்த முதல் குட்டி இறந்தே பிறந்தது. 2022-ல் பிறந்த பெண் குட்டி 2024 ஏலத்தில் 1 கோடி டாலருக்குப் போனது; ஆஸ்திரேலியாவில் ஒரு வயதுக் குட்டிக்குக் கிடைத்த மிகப் பெரிய விலை அது. (வாங்கியவர் வின்க்ஸின் உரிமையாளர்களில் ஒருவரே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.) அதற்கு முந்தைய சாதனை விலை 50 லட்சம் டாலர். அந்த விலைக்குப் போன பிளாக் கேவியரின் தம்பி ஒரு ரேஸில்கூட ஓடாமலே குளம்பு நோயில் இறந்தது. பரிசுத்தொகை கையில் விழுந்த காசு. குட்டி பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்து, ஏலம் வரை பிழைத்து வந்தால்தான் காசு.

போலோவில் இந்தக் கேள்வியே எழாது. அர்ஜென்டினாவில் நல்ல போலோக் குதிரையின் கருவை எடுத்து வாடகைத் தாய்க்குள் வைத்துவிட்டு, அதைத் தொடர்ந்து ஆட்டத்துக்கு இறக்குகிறார்கள். குவார்ட்டேட்டேரா என்ற ஒரே குதிரையின் ஆறு குளோனிங் பிரதிகள்மீது போலோ வீரர் அடால்ஃபோ காம்பியாசோ 2016-ல் ஒரே இறுதிப் போட்டியில் ஏறி ஆடினார். ரேஸ் குதிரைகளில் இதற்கெல்லாம் இடமில்லை. மாட்டுக்குப் போடுவதுபோல் ஊசி போட்டுச் சினையாக்கிய குட்டியைக்கூட எந்த நாட்டுத் தரோபிரெட் (ரேஸ் குதிரை இனம்) பதிவேடும் ஏற்காது. நேரடியாகச் சேர வேண்டும், தானே சுமக்க வேண்டும், தானே ஈன வேண்டும். அதனால்தான் ‘ஓட்டமா, குட்டியா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இனி ‘பண்ணை பாதுகாப்பானது’ என்பதற்கு வருவோம். ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா 2009-ல் அமெரிக்காவின் பிரீக்னஸ் ஸ்டேக்ஸ் ரேஸை வென்றது. 2013-ல் இரண்டாவது குட்டியை ஈன்றபோது குடல் காயப்பட்டு அறுவை சிகிச்சை வரை போனது. அதன்பின் அதைச் சினைக்கு விடவே இல்லை. அர்பன் ஸீ 2009-ல் குட்டி ஈன்றதை ஒட்டி இறந்தது. ஜப்பானில் டெர்பி வென்ற வோட்கா, பண்ணைக் காலத்தில் 2019-ல் லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் கண்டு இறந்துபோனது. பிளாக் கேவியர் 2024 ஆகஸ்ட்டில் குட்டி ஈன்ற அதே நாளில், அதே நோயால், கருணைக்கொலை செய்யப்பட்டது. மறுநாள் அதற்குப் பதினெட்டு நிறைந்திருக்கும். ரேஸில் கால் உடைந்தால் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். பண்ணையில் நடுராத்திரியில் நடப்பதை இரண்டு பேர்தான் பார்க்கிறார்கள். ஆபத்து குறைவு என்ற எண்ணம் அப்படித்தான் வளர்கிறது.

குதிரைப் பிரசவத்தில் அவகாசம் மிகக் குறைவு. பனிக்குடம் உடைந்தால் அரை மணிக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். வெள்ளைப் பைக்குப் பதிலாகச் சிவப்பு வெல்வெட் போன்ற பை முதலில் தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சில்லை என்று பொருள். மருத்துவருக்குக் காத்திராமல் அந்த இடத்திலேயே பையைக் கிழித்துக் குட்டியை இழுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும், மூன்றில் நஞ்சு விழ வேண்டும். பசு மாட்டுக்கு நஞ்சு அரை நாள் நின்றாலும் பொறுக்கலாம். குதிரைக்கு மூன்று மணியைத் தாண்டினால் அவசரம். உள்ளே தங்கிய துண்டிலிருந்து நச்சு இரத்தத்தில் ஏறி, நேராகக் குளம்பைத் தாக்கும். லாமினைட்டிஸ் என்பது குளம்பின் உள்ளே எலும்பைப் பிடித்து நிறுத்தும் அடுக்கு அழன்று பிரிவது. பிரிந்துவிட்டால் அரை டன் எடையைச் சுமக்கும் எலும்பு கீழே இறங்கும்.

அப்படியானால் எப்போதுதான் நிறுத்துவது? கோப்பைகளை எண்ணாமல் காலைத் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முன்னங்காலின் பின்பக்கத் தசைநாணில் காலையில் சூடு தெரிந்தாலோ, விரலால் அழுத்தும்போது குதிரை காலை இழுத்துக்கொண்டாலோ உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். நாணின் நடுவில் கறுப்பாக ஓட்டை போலத் தெரிந்தால் கதை முடிந்தது. ஆறு முதல் ஒன்பது மாதம், சில சமயம் ஒரு வருடம் ஓய்வு கொடுத்தாலும், ஆறிய இடத்தில் வருவது தழும்புத் திசு. பழைய நெகிழ்வு அதற்கு இல்லை, வேகம் கூடும்போது மறுபடி அறும். ஆண் குதிரையாக இருந்தால் விதையடித்து இன்னொரு முறை முயன்று பார்ப்பார்கள். பெண் குதிரையை வைத்து அந்தச் சூதாட்டம் கூடாது. தசைக் கிழிசல் வேறு விஷயம். பிளாக் கேவியர் 2012-ல் இங்கிலாந்தின் அஸ்காட்டில் தலை நீளத்தில் ஜெயித்தபோது பின்பக்கத் தசை கிழிந்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு 2013-ல் திரும்பி வந்து மேலும் மூன்று ரேஸ் வென்றது. தசைக்கு இரத்த ஓட்டம் உண்டு, ஆறும். நாணுக்கு அது போதாது.

இடுப்பெலும்பில் விரிசல் கண்ட குதிரைக்குத் தனிக் கவனம் வேண்டும். விரிசல் கூடிய இடத்தில் எலும்பு தடித்துப் பிறப்புப் பாதை குறுகியிருக்கலாம். சினைக்கு விடும் முன் ஆசனவாய் வழியே கை விட்டு அளந்து பார்க்காமல் விடவே கூடாது. மூக்கில் இரத்தம் வடிந்தால் ஆஸ்திரேலியாவில் முதல் முறை மூன்று மாதத் தடை, இரண்டாம் முறை ஆயுள் தடை. அங்கே உரிமையாளர் யோசிக்கவே தேவையில்லை. இவை எதுவும் இல்லாமல், தீனி குறையாமல், எடை விழாமல், காலைப் பயிற்சியில் மனதாக ஓடும் குதிரையை ஐந்து, ஆறு வயது வரை ஓடவிடுவதில் தவறே இல்லை. ஏழுக்கு மேல் வேண்டாம் என்பேன். ஜப்பானில் பலர் சேர்ந்து குதிரை வாங்கும் மன்றங்கள் சிலவற்றில், பெண் குதிரை ஆறு வயதின் மார்ச் மாதக் கடைசிக்குள் ஓய்வு பெற வேண்டும் என்று விதியே உண்டு. நல்ல விதி, ஆசைக்கு முன்கூட்டியே ஒரு தேதி குறித்துவிடுகிறது.

நிறுத்த முடிவு செய்த பிறகுதான் பல இடங்களில் கோட்டைவிடுகிறார்கள். ரேஸ் முடிந்த வாரமே பண்ணைக்கு ஏற்றி, அடுத்த மாதமே பொலிகுதிரையிடம் கொண்டுபோகிறார்கள். பிடிக்கவில்லை என்றதும் ‘மலடு’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். லாயத்தில் நாளுக்கு இருபத்து இரண்டு மணி நேரம் நின்று, தானியத்திலேயே வாழ்ந்த உடம்பு அது. தானியத்தை இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பாதியாக்கி, உலர்புல்லை உடல் எடையில் இரண்டு சதவீதம் வரை ஏற்ற வேண்டும்; 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு 10 கிலோ. ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலியில் கொண்டுபோய்விடும். ரேஸ் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கும். புல் மேய மேய அது தணியும். மற்ற குதிரைகளோடு விடும் முன் பின்லாடத்தைக் கட்டாயம் கழற்ற வேண்டும், உதை விழும் இடம் அதுதான். முதலில் சிறிய அடைப்பில் ஒரு மணி நேரம், துணைக்குச் சாதுவான வயதான பெண் குதிரை ஒன்று. பிறகு நேரத்தைக் கூட்டலாம். இரண்டு முதல் மூன்று மாதம் இதற்கே வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்படும் அளவுக்குச் சதை பிடித்திருந்தால் போதும். கழுத்து தடிக்கும் வரை ஊட்டினால் குளம்பு நோயைக் கூப்பிட்டு உட்கார வைத்ததாகும்.

ரேஸில் இருந்தபோது என்னென்ன செய்தார்கள் என்ற விவரம் பயிற்சியாளரிடமிருந்து பண்ணைக்கு எழுத்தில் வர வேண்டும். பருவம் தெரியாமலிருக்க ஆல்ட்ரினோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மருந்து கொடுத்திருந்தால் நிறுத்திய நாலைந்து நாளில் பருவம் வரும், தொல்லையில்லை. சில நாடுகளில் அதே நோக்கத்துக்காகக் கருப்பைக்குள் 35 மில்லிமீட்டர் கண்ணாடிக் கோலிக்குண்டு வைக்கும் பழக்கம் இருந்தது. எடுக்க மறந்துவிட்டு, ஏன் சினை பிடிக்கவில்லை என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்த கதைகள் தொழிலில் உண்டு. ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும். ஓடும் குதிரைக்கு உடம்பு வற்றிப் பிறப்புறுப்பு உள்ளிழுத்துக் காற்றும் சாணமும் உள்ளே போவதால் பிறப்புறுப்பின் உதடுகளை மேல்பாதி தைத்திருப்பார்கள். இந்தத் தையலைக் குறித்து வைக்காவிட்டால், பிரசவத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே பிரித்துவிட வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பிரிக்காமல் விட்டால் குட்டி வரும்போது கிழியும்.

குளிர்நாடுகளில் இன்னொரு வேலை இருக்கிறது: வெளிச்சம். குதிரை நீண்ட பகலில்தான் பருவத்துக்கு வரும். பிப்ரவரியில் சேர்க்க வேண்டுமானால் டிசம்பர் முதல் தேதியிலிருந்தே லாயத்தில் நூறு வாட் விளக்குப் போட்டு, பகலும் விளக்குமாகச் சேர்த்துப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டுவார்கள். பலன் தெரிய அறுபது நாளாகும். சென்னையிலும் கர்நாடகத்தின் குனிகல் குதிரைப் பண்ணையிலும் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். விளக்கின் தேவை வடக்கே போகப் போகத்தான் கூடும்.

பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வந்து ஐந்தாறு நாள் நிற்கும். கருமுட்டைப் பை 35 மில்லிமீட்டரைத் தொட்டதும் ஹார்மோன் ஊசி போட்டு, இரண்டு நாளுக்குள் ஒரே ஒரு முறை சேர்த்தால் போதும். சேர்த்த பதினாலாம் நாள் ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது. தரோபிரெட் குதிரைகளில் இரட்டைக் கரு சாதாரணம். இரண்டும் வளர்ந்தால் பெரும்பாலும் ஏழு, எட்டு மாதத்தில் இரண்டும் போகும். பதினாறாம் நாளுக்குள் கரு இடம் பிடிக்கும் முன்பே ஒன்றை நசுக்கிவிட வேண்டும். மறுபடி 28-ம் நாளும் 42-ம் நாளும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 36 நாளைத் தாண்டிய பிறகு கரு கலைந்தால், கருப்பையில் அதற்குள் உருவான சுரப்பிகள் வேலையை நிறுத்தும் வரை, அதாவது சுமார் நாலு மாதம் வரை, குதிரை ஒழுங்காகப் பருவத்துக்கு வராது. அந்த வருடம் அத்தோடு போயிற்று.

சினையோடு ஓடவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் இணை சேர்ந்த 120 நாள் வரை ஓட அனுமதி உண்டு. முதல் சினைக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கரு நிற்குமா நிற்காதா என்று தெரியும் முதல் ஆறு வாரத்தில் பயண அலைச்சலும் உடல் சூடும் சேர்வது வீண் வம்பு.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே சிக்கல் வயதைவிட மாதத்தில் இருக்கிறது. எப்சமில் டெர்பியும், பெண் குதிரைகளுக்கான ஓக்ஸும் மூன்று வயதுக் குதிரைகளுக்கு ஜூனில் நடக்கின்றன. மும்பை மகாலட்சுமியில் இந்தியன் டெர்பி பிப்ரவரி முதல் ஞாயிறில், நாலு வயதுக் குதிரைகளுக்கு. குளிர்காலப் பருவம் ஏப்ரல் வரை நீளும். அதே பிப்ரவரி முதல் மே வரைதான் நம் பண்ணைகளில் இணை சேர்க்கும் காலம். ஏப்ரலில் கடைசி ரேஸை ஓடிய பெண் குதிரையை மே மாதம் அவசரமாகச் சேர்த்தால், மேலே சொன்ன மூன்று மாத ஓய்வு கிடைக்காது. பிடித்தாலும் ஏப்ரல் கடைசியில்தான் குட்டி. ஜனவரி முதல் தேதி எல்லாக் குதிரைக்கும் வயது ஏறுவதால், அந்தக் குட்டி தன்னைவிட மூன்று, நாலு மாதம் மூத்தவற்றோடு இரண்டு வயது ரேஸில் மோத வேண்டும்.

ஜப்பான் இதற்கு வழி கண்டது. எலிசபெத் மகாராணி கோப்பையை 1996-ல் மூத்த பெண் குதிரைகளுக்கும் திறந்துவிட்டார்கள். அது நவம்பரில் நடக்கிறது. ஜெயித்தவள் டிசம்பரில் லாடம் கழற்றி, பிப்ரவரி, மார்ச்சில் தயாராக இருக்க முடிகிறது. நம் ரேஸ் கிளப்புகளும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பெண் குதிரைகளுக்கென்று 1,600 மீட்டரிலும் 2,000 மீட்டரிலும், ஹேண்டிகேப் இல்லாமல் வயதுக்கேற்ற எடையில், அக்டோபர், நவம்பர் மாதங்களில் தரமான ரேஸ்களை வைக்க வேண்டும். ஹேண்டிகேப் ரேஸில் ஜெயிக்க ஜெயிக்கக் குதிரை சுமக்க வேண்டிய எடை ஏறிக்கொண்டே போகும். நல்ல பெண் குதிரையை நாலு வயதில் லாயத்தைவிட்டு விரட்டுவதே அந்த எடைதான். அடுத்த பருவத்துக்கான ரேஸ் அட்டவணை தயாராகும் முன் கிளப் நிர்வாகிகள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குதிரைப் பண்ணைகளில் பணிபுரியும் கால்நடை மருத்துவர் ஒருவர்